மின்மானியை வாசிப்பவர் யார்?

மின்மானி வாசிக்க வருபவரை எங்கள் நாட்டில் அறியாதார் இல்லை. தோளில் ஒரு பை, கையில் ஒரு சிறு இயந்திரம், படலையடியில் நின்றபடி "நாய் கட்டியிருக்கிறதா?" என்றொரு கேள்வி. உள்ளே வந்து சுவரிலுள்ள மானியை அண்ணாந்து பார்த்து இலக்கத்தைப் பதிந்து, பட்டியலை நீட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். மாதத்துக்கு ஓர் இலக்கம், அவ்வளவுதான். அந்த மாதத்தில் வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்த இரவு விளக்கு அணையாமல் எரிந்தது, எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடந்தது என்பவற்றில் ஒன்றுமே அந்த இலக்கத்தில் தெரியாது.

ரொறொன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர், ஒரு காலத்தில் என்னோடு ஒரே ஆசிரியபீடத்தில் இருந்தவர், அண்மையில் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கலிபோர்னியாவின் தலைநகரான சக்கரமென்ரோவில் 2025 நவம்பரில் வழங்கப்பட்ட ஒரு தீர்ப்புப் பற்றிய செய்தி அதனுடன் இணைக்கப்பட்டிருந்தது. "இதைப் படித்துவிட்டு எழுதும். மானி என்றால் கட்டணம் மட்டுமே என்று நம்மவர்கள் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள்" என்பது அவருடைய கட்டளை. படித்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சக்கரமென்ரோவுக்கு மின்சாரம் வழங்குவது ஒரு பொதுத்துறை நிறுவனம். வீடுகளில் அது பொருத்திய ஸ்மார்ட் மானிகள், மின்பாவனையை மணித்தியாலத்தின் சிறு பகுதிகளாகப் பிரித்துப் பதிந்து அனுப்புகின்றன. இந்நிறுவனம் பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளூர்ப் பொலிஸாருடன் சேர்ந்து ஒரு காரியத்தைச் செய்து வந்தது. தபால் குறியீடு ஒன்றின் கீழ் வரும் அத்தனை வீடுகளின் பாவனையையும் சலித்தெடுத்து, அளவுக்கு அதிகமாக மின்சாரம் செலவிடும் வீடுகளின் பட்டியலைப் பொலிஸாரிடம் கொடுத்து வந்தது. வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்போர் பிரகாசமான விளக்குகளை நாளெல்லாம் எரிய விடுவார்கள் என்பதே காரணம். குறிப்பிட்ட ஒருவர் மீது சந்தேகம் இருக்கவேண்டியதில்லை. நீதிமன்ற ஆணையும் வேண்டியதில்லை. இவ்வாறு கொடுக்கப்பட்ட தகவல்களின் எண்ணிக்கை 33,000க்கும் மேல்.

ஆசிய அமெரிக்கர்களின் அமைப்பொன்றும் வேறு சிலரும் 2022 செப்டெம்பரில் வழக்குத் தொடுத்தார்கள். ஏன் ஆசியர்கள் என்று கேட்கலாம். அளவுக்கு மீறிக் கஞ்சா வளர்த்தோர் மீது நகரசபை இரண்டே ஆண்டுகளில் விதித்த தண்டப்பணம் ஏறக்குறைய பத்துக் கோடி டொலர். அதில் 86 சதவீதம் ஆசிய வம்சாவளியினர் தலையில் விழுந்தது என்று வழக்காளிகள் கூறினார்கள். ஒரு தபால் குறியீட்டுக்கான பட்டியலிலிருந்து ஆசியப் பெயரல்லாதவற்றை நிறுவனத்தின் அலுவலர் ஒருவரே நீக்கிவிட்டுப் பொலிஸாருக்கு அனுப்பினார் என்ற குற்றச்சாட்டும் மனுவில் இருந்தது. வழக்காளிகளில் ஒருவர், மருத்துவச் சாதனங்களின் துணையோடு வாழும் ஒரு நோயாளி. அவற்றுக்குச் செலவாகும் மின்சாரத்தைக் கஞ்சாத் தோட்டத்தின் மின்சாரமென்று கருதி அதிகாரிகள் அவருடைய கதவைத் தட்டியதாக மனு கூறியது.

இன்னொரு விபரமும் என் கவனத்தில் தைத்தது. 2014இல் மாதத்துக்கு 7,000 அலகு பாவித்த வீடுதான் சந்தேகத்துக்குரிய வீடாகக் கொள்ளப்பட்டதாம். 2023இல் அது 2,800 அலகாக இறங்கிவிட்டது என்று வழக்காளிகளின் தரப்பு சுட்டிக்காட்டியது. எவரும் கூட்டம் கூட்டி இதைத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. பட்டியல் கையிலிருந்தால் அதன் வாய் தானாகவே அகன்றுகொண்டு போகும். பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் அரச பட்டியல்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சுருங்கிய பட்டியல் ஒன்றை இதுவரை கண்டதில்லை.

நீதிமன்றம் இந்தத் திட்டம் சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்தது. எந்தச் சட்டத்துக்கு விரோதம் என்பதில்தான் விடயம் இருக்கிறது. பாவனையாளரின் மின்பாவனை விபரங்களை அவருடைய சம்மதமின்றி வெளியாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற சட்டத்தைக் கலிபோர்னியா 2010ஆம் ஆண்டிலேயே இயற்றிவிட்டது. அதாவது சட்டம் ஏட்டில் இருந்த காலம் முழுவதும் பட்டியல் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மாநிலத்தின் பயன்பாடுகள் ஆணைக்குழு 2011இல் விரிவான தனியுரிமை விதிகளையும் வகுத்தது. எத்தனை தடவை பாவனையாளர் தரவு கோரப்பட்டது என்று மின் கம்பனிகள் ஆண்டுதோறும் அறிக்கை தரவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. ஆனால் அந்த ஆணைக்குழுவின் அதிகாரம் தனியார் கம்பனிகளின் மேலேதான். பொதுமக்களுக்குச் சொந்தமான மின் நிறுவனம் அந்த வேலிக்கு வெளியே நின்றது. தனியாரை நம்பமாட்டோம், ஆனால் நம்முடைய சொந்த நிறுவனம் நம்மை என்ன செய்துவிடப் போகிறது என்ற எண்ணம் போலும்! சட்டம் இருந்தது, மேற்பார்வை இருக்கவில்லை. ஒரு சிறு அமைப்பு வழக்காடி மூன்று ஆண்டுகள் காத்திருந்தபின்தான் அது நிறுத்தப்பட்டது.

மின்மானி அப்படி என்ன சொல்லிவிடும் என்று சில வாசகர்கள் நினைக்கக்கூடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வாசிப்பு என்றால் நாளொன்றுக்கு 96, வருடத்துக்கு 35,040 வாசிப்புகள். பழைய மானி தந்த பன்னிரண்டு இலக்கங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மின்சாதனத்துக்கும் ஒரு கைரேகை உண்டு. கேத்தல் இரண்டொரு நிமிடம் ஏறி இறங்கும். குளிர்சாதனப் பெட்டி இரவு முழுவதும் ஓர் ஒழுங்கில் மூச்சுவிடும். நீர்ப்பம்பி, சலவை இயந்திரம், நீர் சூடாக்கி ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹார்ட் என்ற ஆய்வாளர், வீட்டுக்குள் நுழையாமலே வெளியிலுள்ள மின்னிணைப்பை அளந்து உள்ளே எந்தெந்தச் சாதனம் இயங்குகிறது என்று பிரித்தறியும் முறையை 1980களில் உருவாக்கினார். அதே மனிதர் 1989இல், இதே முறை வீடுகளை வேவுபார்க்கவும் பயன்படும் என்று எச்சரித்து ஒரு கட்டுரையும் எழுதினார். கண்டுபிடித்தவரே எச்சரிப்பது அபூர்வம். 2011இல் ஜேர்மனியின் மூன்ஸ்டர் நகரில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டு செக்கனுக்கு ஒரு வாசிப்புக் கிடைத்தால், தொலைக்காட்சித் திரையின் ஒளி கூடிக் குறைவதை வைத்து வீட்டில் எந்தப் படம் ஓடுகிறது என்றே சொல்லலாம் என்று காட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அரைமணி நேரத்துக்கு ஒரு வாசிப்பே போதும். நோன்பு மாதத்தில் விடியற்காலை நாலு மணிக்கு முன் ஒரு வீதியில் எந்தெந்த வீடுகளில் மின்சாரம் ஏறுகிறது என்று பார்த்தால், அந்த வீதியில் யார் முஸ்லிம்கள் என்று எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. முதியவர் ஒருவர் தனியே வாழ்கிறார் என்பதும், ஒரு வீட்டில் திடீரென்று இரண்டு மூன்று பேர் கூடிவிட்டார்கள் என்பதும் அதிலே தெரியும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் இறங்கிய கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. எந்த வீடு தமிழர் வீடு என்று அவர்கள் தேடித் திரியவில்லை; பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள். அந்த இடாப்பில் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள் யார்? வாக்களிக்கும் உரிமையைப் பேணிக்கொள்ள விரும்பிய நாமேதான். எழுதிச் சென்ற கிராம அலுவலரும் எந்தக் கெட்ட எண்ணத்தோடும் எழுதவில்லை. பிற்காலத்தில் கொழும்பிலிருந்த தமிழ்க் குடும்பங்கள் வீட்டிலுள்ளோர் விபரத்தைப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டியிருந்தது. ஊரிலிருந்து ஒரு மருமகன் வந்து தங்கினால் அந்தப் பத்திரத்தில் அவன் பெயர் இல்லையே என்று வீடு முழுவதும் நித்திரையின்றிக் கிடந்த இரவுகளை நான் அறிவேன். 2007 ஜூன் 7ஆம் திகதி விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள்; மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு இடைக்காலத் தடை விதித்தது. யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று அறிவதற்கு அன்று கதவைத் தட்டவேண்டியிருந்தது. தட்டும் ஓசை நமக்குக் கேட்டது. மானி தட்டாது.

ஒரு சமூகத்தின் நினைவு எப்படிச் சட்டமாகிறது என்பதற்கு நெதர்லாந்தைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போருக்கு முன் அந்நாட்டின் குடிசனப் பதிவேடு மிக ஒழுங்காகப் பேணப்பட்டது. மதமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. ஜேர்மனியர் வந்தபோது யூதர்களைக் கண்டுபிடிக்க அந்த ஒழுங்கே உதவியது. 1943 மார்ச் 27ஆம் திகதி எதிர்ப்பியக்கத்தினர் பொலிஸ் சீருடையில் சென்று அம்ஸ்ரடாம் பதிவகத்துக்குத் தீ வைத்தார்கள். பதிவேடுகளில் ஒரு பகுதிதான் எரிந்தது. பிடிபட்டவர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இதற்கும் மின்மானிக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அப்படியொரு நாட்டில், எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மானி கட்டாயம், மறுத்தால் 17,000 யூரோ வரை தண்டம் அல்லது ஆறுமாதம் வரை சிறை என்று ஒரு சட்டமூலம் 2008இல் கீழ்ச்சபையில் நிறைவேறியது வியப்புத்தான்.

பிறகு நடந்ததுதான் சுவையானது. நுகர்வோர் சங்கம் ரில்பேர்க் பல்கலைக்கழகத்திடம் ஓர் ஆய்வை ஒப்படைத்தது. கால்மணிக்கு ஒரு தடவை மின்சாரத்தையும் மணிக்கு ஒரு தடவை எரிவாயுவையும் கட்டாயமாக வாசிப்பது ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 8ஆம் உறுப்புரைக்கு, அதாவது வீட்டினதும் குடும்ப வாழ்வினதும் அந்தரங்கத்துக்கு, முரணானது என்று ஆய்வாளர்கள் கூறினார்கள். 2009 ஏப்ரலில் மேற்சபை அந்தச் சட்டமூலத்தை ஏற்க மறுத்துவிட்டது. 2011இல் திருத்திய சட்டம் வந்தது. மானி வேண்டாம் என்று மறுக்கலாம். பொருத்திவிட்டுத் தொலைவாசிப்பை நிறுத்தி வைக்கலாம். ஆண்டில் சில வாசிப்புகளோடு நிறுத்திக்கொள்ளலாம். விரும்பினால் எல்லாவற்றையும் கொடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், இந்தத் தெரிவுகள் வந்தபின் பெரும்பாலானோர் மறுக்கவே இல்லை. மறுக்கும் உரிமை இருப்பதும் ஒரு நம்பிக்கைதானே.

அமெரிக்காவிலே இலினோய் மாநிலத்தின் நேப்பர்வில் நகரில் வேறு விதமாக நடந்தது. நகரசபையே மின்சாரம் வழங்கும் அந்த ஊரில், பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசித்து மூன்று ஆண்டுகள் வரை சேமித்து வைக்கும் மானிகளைக் குடியிருப்பாளர் சிலர் எதிர்த்தார்கள். 2018 ஓகஸ்டில் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், இவ்வாறு தரவு சேர்ப்பது அரசியலமைப்பு கூறும் வகையில் ஒரு 'சோதனை'யே என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அது நியாயமான சோதனை என்றும் கூறியது. காரணம், குற்றம் பிடிக்கும் நோக்கம் அதில் இல்லை என்பது. இன்னும் குறுகிய இடைவெளியில் வாசித்தாலோ, பொலிஸாருக்கு எளிதில் கிடைத்தாலோ தீர்ப்பு வேறாகலாம் என்றும் எச்சரித்தது. அந்த நீதிபதிகள் இப்படி எழுதிய அதே நாட்களில் சக்கரமென்ரோவில் பட்டியல்கள் போய்க்கொண்டிருந்தன.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மின்பொறியியலாளர்கள் கேட்பது வீண் ஆசைக்காக அன்று. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலை என்று அமைச்சர் சொன்னதும் உலகமே சிரித்தது. சிரிப்புக்கு அப்பால் ஓர் உண்மை இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை நண்பகல். பாவனை குறைவு, கூரைகளிலிருந்து வரும் சூரிய மின்சாரமோ அதிகம். அத்தகைய வேளையில் வலையமைப்பு சிறு அதிர்ச்சியையும் தாங்காது. எந்த நேரத்தில் எங்கே எவ்வளவு மின்சாரம் புகுகிறது, வெளியேறுகிறது என்று தெரியாமல் இனிமேல் மின்வலையை நடத்துவது கடினம். நேரத்துக்கேற்ற கட்டணம், மின்திருட்டைப் பிடித்தல், அறுந்த இணைப்பை உடனே அறிதல் எல்லாம் நல்ல காரியங்களே. எனக்கும் மின்வெட்டில் விருப்பமில்லை.

ஆனால் வலையமைப்பைக் காக்க வேண்டியது வீதியின் கணக்கு. மின்மாற்றியில் ஒரு மானி இருந்தால் நாற்பது ஐம்பது வீடுகளின் கூட்டுப் பாவனை கிடைக்கும். கட்டணம் அறவிட வேண்டியது மாதத்தின் கணக்கு. நேரத்துக்கேற்ற கட்டணமானால்கூட, உச்சநேரம், பகல், இரவு என்ற மூன்று கூட்டுத்தொகைகளை மானியே கணித்து அனுப்பினால் போதாதா? 35,040 வாசிப்புகளும் கம்பனியின் கணினிக்குப் போய் வருடக்கணக்கில் கிடக்கவேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது? ஒன்ராறியோவின் தகவல் மற்றும் தனியுரிமை ஆணையாளராக இருந்த ஆன் கவூக்கியன் 2009இலேயே இதைத்தான் வற்புறுத்தினார்: தனியுரிமையைப் பிறகு ஒட்டவைக்காமல் கட்டமைப்பை வரையும்போதே உள்ளே வைத்துக் கட்டுங்கள் என்றார். எல்லா வீட்டுக்கும் ஸ்மார்ட் மானி என்று ஒன்ராறியோ தீர்மானித்தது 2004இல். நம்மவர்கள் பல்லாயிரம் பேர் வாழும் மாகாணம் அது. நண்பரின் வீட்டு மானி மணிக்கு ஒரு தடவை ஒரு மத்திய களஞ்சியத்துக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே கேள்வி கேட்பதற்கென்று ஓர் ஆணையாளராவது இருந்தார்.

இங்கே? லெக்கோ என்று நாம் அழைக்கும் லங்கா மின்சாரக் கம்பனி தன் விநியோகப் பகுதிகளில் ஸ்மார்ட் மானிகளை ஏற்கெனவே பொருத்தத் தொடங்கிவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. தெற்காசியாவில் முன்னோடி என்று பாராட்டினார்கள். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, வருமுன்னரே பிற்போடப்பட்டன, அதே ஆண்டில் சட்டமும் திருத்தப்பட்டது. தேசிய பாதுகாப்பின் பேரால் விலக்களிக்க அதில் இடமிருக்கிறது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் வாழ்ந்து பழகிய எவருக்கும், அந்த இரண்டு சொற்களின் அகலம் தெரியும்.

ஆகவே என் கோரிக்கை மானி வேண்டாம் என்பதன்று. பொதுப்பயன்பாடுகள் ஆணைக்குழு, மானி பெருவாரியாகப் பரவுமுன், விநியோக அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே சிலவற்றை எழுதிவிட வேண்டும். பொலிஸாரோ படையினரோ ஒரு வீட்டின் தரவைக் கேட்டால், பெயர் குறித்த நீதவான் கட்டளை வேண்டும். வீதியாகவோ கிராம அலுவலர் பிரிவாகவோ மொத்தமாகக் கேட்பது எந்தக் காரணம் கொண்டும் கூடாது. கேட்ட தடவைகளின் எண்ணிக்கையும் கொடுத்த தடவைகளின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் பத்திரிகையில் வெளியாக வேண்டும், மூன்று மொழிகளிலும். பொதுத்துறை நிறுவனம் என்பதற்காக எவருக்கும் விலக்கு இருக்கக்கூடாது. சக்கரமென்ரோவில் ஓட்டை விழுந்தது அங்கேதான். விதிகள் எழுதப்படும்வரை சும்மா இருக்கவேண்டியதுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. என் தரவை எவ்வளவு காலம் வைத்திருக்கிறீர்கள், இதுவரை யார் கேட்டார்கள் என்று எந்தப் பாவனையாளரும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கேட்கலாம். இளம் பத்திரிகையாளர்கள் யாராவது இதைச் செய்வார்களானால் நல்ல செய்தியொன்று கிடைக்கும் என்பது என் தொழில் அனுபவம்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்தபோது நண்பரிடம், நீர் உம்முடைய மின் கம்பனியிடம் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்த்தீரா என்று விசாரித்தேன். கேட்டாராம். ஒரு வாரத்தில் மிகப் பணிவான பதிலொன்று வந்ததாம். அவருடைய வீட்டில் சலவை இயந்திரம் மாலை வேளைகளில் இயங்குவதாகத் தெரிகிறது, இரவு ஏழு மணிக்குப்பின் பாவித்தால் பணம் மிச்சப்படுத்தலாம் என்று ஆலோசனை சொல்லியிருந்தார்களாம். கேட்ட கேள்விக்கு மறுமொழி அதில் இல்லையாம்.